வெளிநாட்டில் ரோமிங் கட்டணம் ஏன் எகிறுகிறது? நிறுவனம் மாறினால் குறையுமா?

ரோமிங் என்றால், உங்கள் செல்போன் நிறுவனத்துக்குக் கோபுரம் இல்லாத நாட்டில் அங்குள்ள வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்துவது. அதற்கு அவர்கள் உங்கள் நிறுவனத்திடம் பணம் கேட்பார்கள். உங்கள் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து உங்களிடம் வாங்கும். தரகர் வழியாகப் பொருள் வாங்குவது மாதிரிதான். இடையில் இருப்பவர் வைக்கும் விலை கட்டுப்படுத்தக்கூடியது என்பதற்குச் சாட்சி உண்டு: 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங்கின் கூடுதல் கட்டணத்தை நீக்கியது.

சரி, நிறுவனம் மாறலாமா? அடிக்கடி பயணிப்பவர் என்றால், ரோமிங்கையும் சேர்த்துத் தரும் திட்டம் உள்ள நிறுவனத்துக்கு மாறுவது லாபம். எப்போதாவது போகிறவருக்குப் போகும் நாட்டின் சிம்மோ இ-சிம்மோ (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) போதும். ஆனால் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருந்தால் இரண்டுமே நடக்காது. முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் பில்லே வராது என்று பலர் நம்புகிறார்கள். அது இணையத்தை மட்டும்தான் நிறுத்தும்; வரும் அழைப்பை எடுத்தாலே பல திட்டங்களில் காசு போகும்.