சோக் போட்டால்தான் ஓடுது: பழைய மோட்டார் சைக்கிள் கார்பரேட்டர் கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, என் வண்டி ஹோண்டா சி70. சோக் இழுத்தால்தான் ஓடுது, விட்டால் அணைஞ்சிடுது. போமன் (மெக்கானிக்) பிளக்கை மாத்திட்டாரு, பலன் இல்ல.

பிளக் மேல் பழி இல்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர். சோக் அதன் காற்றை அடைக்கும், பெட்ரோல் விகிதம் கூடும். அப்போது மட்டும் ஓடுகிறதென்றால் ஐட்லிங்குக்கு, அதாவது முறுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு, பெட்ரோல் போதவில்லை. பெரும்பாலும் ஐடில் ஜெட், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துளை, அடைப்புதான். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மிஞ்சும். அது முதலில் அடைப்பது அந்தச் சின்னத் துளையை. ஜெட்டில் 35 என்றிருந்தால் துளை 0.35 மில்லிமீட்டர், அவ்வளவுதான். கம்பி விடாதீர்கள், பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். 0.20 தூண்டில் நைலான் நூல் போதும். ஜெட்டைக் கார்பரேட்டர் கிளீனரில் அரை மணி ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும். கார்பரேட்டர் உள்வழிகளையும் காற்றடித்து ஊதுங்கள். அதற்குமுன் ரப்பர் பாகங்களைக் கழற்றிவிடுங்கள், கிளீனர் பட்டால் உப்பிவிடும்.

அதே செந்தூல் வாசகர்: கார்பரேட்டரில் ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ எத்தனை சுற்று அண்ணே?

மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். எஞ்சின் சூடானபின் ஐட்லிங் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, திறந்தால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர்.

ஜெலுத்தோங் வாசகர்: ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையெல்லாம் பெட்ரோல்.

கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய மிதவை ஊசி சரியாக உட்காரவில்லை. ஊசி முனையில் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். மிதவையைக் காதருகே குலுக்குங்கள், சளசளத்தால் ஓட்டை. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எண்ணெய் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடும் பழக்கமும் வேண்டும்.

செராஸ் வாசகர்: என் யமஹா ஆர்எக்ஸ்இசட் கெந்திங் மலை ஏறினால் மந்தமாகுது. மெயின் ஜெட் சின்னதாப் போடலாமா?

வேண்டாம். மெயின் ஜெட் என்பது முழுக்க முறுக்கும்போது பெட்ரோல் விடும் துளை. மேலே ஏறத்தாழ 1,800 மீட்டர். காற்று மெலிசு, பெட்ரோல் விகிதம் கூடத்தான் செய்யும். சின்ன ஜெட்டோடு இறங்கி ஹைவேயில் முறுக்கினால் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அது பெரிய செலவு. ஒருநாள் மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாயான் பாரு வாசகர்: பழைய பிரிட்டிஷ் பிஎஸ்ஏ வண்டி, அமால் கம்பெனி கார்பரேட்டர். ஐட்லிங் ஏறி இறங்குது.

இரண்டு நட்டையும் இறுக்கி இறுக்கி, கார்பரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ஃபிளேஞ்ச் வளைந்திருக்கும், அந்த இடுக்கில் காற்று நுழைகிறது. கண்ணாடி மேல் 400 நம்பர் மணல்தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுங்கள். பிறகும் அடங்காவிட்டால், முறுக்கும்போது கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் தேய்ந்துவிட்டது, எந்த ஸ்குரூவும் அதைச் சரிக்கட்டாது.