கப்பல்காரர் பதில்கள்: படகுக் குடித்தனம்

போன இதழில் 'லூசெட்' என்ற பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பி, படகு மூழ்கி 38 நாள் கடலில் தவித்த ராபர்ட்சன் குடும்பத்தைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை கப்பல் வேலை, சம்பளம், கண்டெய்னர் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

நடை பழகும் குழந்தையை வைத்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிறார்களே, பெற்றவர்களுக்கு எப்படி மனசு வருகிறது?
– வாசகி, திருச்சி

குழந்தைக்கு ஒரு பயமும் கிடையாது அம்மா. இரண்டு வயதுக்குக் கீழே கடல் குமட்டல்கூட அநேகமாக வராது. பள்ளிக்கூட வயதில்தான் அது படுத்தும். பயமெல்லாம் பெற்றவர்களுக்கு. அதனால்தான் படகைச் சுற்றி ஓடும் கம்பியில் நெடுக வலை கட்டிவிடுகிறார்கள். டெக்கில், அதாவது மேல்தளத்தில், கால் வைத்தால் தோளில் ஒரு பட்டை மாட்டி, அதன் கொக்கியைப் படகோடு கோத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான். தூங்கும்போது உருண்டு விழாமலிருக்கக் கட்டிலின் திறந்த பக்கத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டுவார்கள். உள்ளே படுத்தால் நம்ம ஊர்த் தூளிதான், ஆட்டுவதற்கு ஆள் வேண்டாம்.

லாரா டெக்கர் என்ற டச்சுப் பெண் 1995-ல் பிறந்ததே பெற்றோரின் உலகப் பயணத்துக்கு நடுவே, நியூசிலாந்தில். முதல் சில வருடங்கள் படகில்தான் வளர்ந்தார். 2012 ஜனவரியில், 16 வயதில், தன்னந்தனியாக உலகைச் சுற்றி முடித்தார்.

ஆடுகிற படகில் எப்படிச் சமைக்கிறார்கள்?
– வாசகி, காரைக்குடி

இப்படிக் கேட்க காரைக்குடியால்தான் முடியும்! படகின் அடுப்பைத் தரையில் வைப்பதில்லை, இரண்டு பக்கமும் முளையில் தொங்கவிடுவார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாது. பாத்திரம் நகராதபடி மேலே பிடிக்கம்பிகள் உண்டு. அதையும் மீறிப் பாத்திரம் பறக்கும் நாள் வரும். மூடி பூட்டிக்கொள்ளும் என்பதற்காகவே வெள்ளைக்காரர்கள்கூடக் குக்கர் வாங்கி வைக்கிறார்கள்.

சமைப்பதைவிடச் சாமான் சேர்ப்பதுதான் பெரிய வேலை. பசிபிக்கில் காலாபகஸ் தீவிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். நாற்பதடிப் படகு மணிக்கு ஐந்தாறு மைல் போகும். மூன்று நாலு வாரத்துக்கு நடுவில் ஒரு பெட்டிக்கடை கிடையாது. முட்டை வாங்கினால் ஃப்ரிட்ஜே பார்க்காத முட்டையாக வாங்கி, வாசலின் தடவி, இரண்டு நாளைக்கொரு தடவை புரட்டி வைப்பார்கள். முட்டைக்கோஸ், வெங்காயம், பூசணி கடைசிவரை வரும். வாழைத்தாரைப் படகின் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டால், பாவி மகன் தார் ஒரே நாளில் மொத்தமாகப் பழுக்கும். அப்புறம் மூன்று வேளையும் வாழைப்பழம்.

அட்டைப்பெட்டியை உள்ளே விடமாட்டார்கள், அதன் மடிப்புக்குள் கரப்பான் முட்டை வந்துவிடும். டப்பாக்களில் ஒட்டிய காகிதத்தையும் முதலிலேயே கிழித்துவிட்டு, மார்க்கர் பேனாவால் 'தக்காளி', 'பட்டாணி' என்று எழுதிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் காகிதம் உரிந்து, படகின் அடித்தண்ணீரை இறைக்கும் பம்பில் போய் அடைத்துக்கொள்ளும். புயலில் பம்பு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கடல்தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். உப்புக்குப் பதில் உலையில் கொஞ்சம் கடல்தண்ணீர் விடுகிறவர்களும் உண்டு.

சண்டை வந்தால் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாதே?
– வாசகர், மதுரை

நீங்கள் போவதாக இருந்தால்? அதுவும் முடியாது.

சண்டை போட நேரம் கிடைத்தால்தானே! பெரியவர்கள் இரண்டே பேர் என்றால் மூன்று மணி நேரத்துக்கொருவராக, இரவு பகலாக வாட்ச், அதாவது காவல், பார்க்க வேண்டும். ஒருவர் எழும்போது மற்றவர் படுப்பார். நான் கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியாக நடுராத்திரி பன்னிரண்டு டு நாலு வாட்சில் இருந்தபோது, ஒரு இரவு இந்துமாக்கடலில் ரேடியோவின் பதினாறாம் சேனலில் ஒரு பெண் கூப்பிட்டார். எங்கள் விளக்கு தெரிகிறதாம், தன் படகு எங்கள் ரேடாரில் தெரிகிறதா என்று கேட்டார். 'எங்கே இருக்கிறீர்கள்?' என்றேன். பின்னால் குழந்தை வீரிட்டது. 'ஒரு நிமிஷம்' என்று போய்விட்டார். வந்த பிறகுதான் இடத்தைச் சொன்னார். நாங்கள்தான் விலகிப் போனோம்.

நிஜமான சண்டை நங்கூரம் போடும்போது வரும். ஒருவர் முன்னால் சங்கிலியோடு, ஒருவர் பின்னால் சுக்கானோடு. காற்றில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. துறையில் நிற்கும் மற்றப் படகுக்காரர்களுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். இதற்கென்றே தலையில் மாட்டும் மைக் விற்கிறார்கள்.

ராபர்ட்சன் குடும்பம் 38 நாள் எப்படி உயிரோடிருந்தது? விவரமாக எழுதுங்கள்.
– வாசகர், நாகப்பட்டினம்

தகப்பன் டூகல் வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்து, பிறகு இங்கிலாந்தில் மாட்டுப்பண்ணை வைத்தவர். தாய் லின், நர்ஸ். பண்ணையை விற்றுப் படகு வாங்கி, 1971 ஜனவரியில் ஃபால்மத் துறையிலிருந்து கிளம்பினார்கள். மூத்த மகள் பஹாமாஸில் இறங்கிக்கொண்டார். 1972 ஜூன் 15-ல் காலாபகஸுக்கு மேற்கே ஓர்காத் திமிங்கிலங்கள் இடித்தன, படகு சில நிமிடத்தில் மூழ்கிவிட்டது. அப்பா, அம்மா, மூத்த மகன் டக்ளஸ், இளைய இரட்டைப் பையன்கள், வழியில் சேர்ந்துகொண்ட ஒரு மாணவர் என்று ஆறு பேர். காற்றடைத்த மிதவை இரண்டு வாரம் சொச்சத்தில் பழுதாகிவிட்டது. அப்புறம் ஆறு பேரும் ஒன்பதடிச் சின்னப் படகில், விளிம்புக்கும் தண்ணீருக்கும் சில அங்குலமே இடைவெளியாக.

ஆமையைப் பிடித்து அறுத்து ரத்தத்தைக் குடித்தார்கள், கறியை வெயிலில் காயவைத்தார்கள். மழைநீர் பிடித்தார்கள். காலடியில் தேங்கிய மழைநீர் ஆமைக்கழிவு கலந்து வாயில் வைக்க முடியாதபடி நாறியது. குடித்தால் வாந்தி வரும். லின் அதைக் குழாய் வழியாக எனிமாவாக ஏற்றினார். குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அழுக்கு வயிற்றுக்குப் போகாது. எல்லோரும் டூகலின் கடல் அறிவைத்தான் புகழ்கிறார்கள். என் ஓட்டு லின்னுக்கு. ஜூலை 23-ல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டது.

பிள்ளைகளின் படிப்பு?
– வாசகர், ஈரோடு

தபால் வழிப் பள்ளிக்கூடம் பழைய சங்கதி. நியூசிலாந்தில் 1922-லிருந்து இருக்கிறது. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் பாடம், அவ்வளவுதான். படிப்பு வந்துவிடும். விளையாடக் கூட்டாளி கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் பிள்ளைகள் உள்ள படகுகள் ஒன்றையொன்று விசாரித்து, வழியையே மாற்றிக்கொண்டு சேர்ந்து போகும்.

இப்படிப்பட்ட படகுகள் நம் பக்கம் ஏன் வருவதில்லை?
– வாசகர், தூத்துக்குடி

முன்பு நிறைய வந்தன. தை, மாசியில் வாடைக்காற்றைப் பிடித்து, தாய்லாந்திலிருந்து இலங்கை, பிறகு செங்கடல், சூயஸ் என்று போவார்கள். சோமாலியக் கொள்ளையர்கள் தலையெடுத்ததும் அந்த வழி காலியாயிற்று. கொஞ்சம் தெளிந்த நேரத்தில், 2023 நவம்பரில் ஏமன் நாட்டு ஹூதிப் படையினரின் தாக்குதல் தொடங்கியது. இப்போது பெரும்பாலோர் மொரீஷியஸ் வழியாகத் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் போய்விடுகிறார்கள். நேரில் பார்க்க ஆசையென்றால் கொச்சி போல்காட்டியில் இப்படிப்பட்ட படகுகள் வந்து நிற்கும் துறை இருக்கிறது, அல்லது பிப்ரவரி வாக்கில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போங்கள். டெக் கம்பியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்தால் அது குடும்பப் படகு. கையில் கொஞ்சம் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் கொண்டுபோனால் ஏறிப் பார்க்கவும் விடுவார்கள்.