நடுவில் அமுங்கிய கேக்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 43. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கேக் செய்கிறேன். ஓவன் கிடையாது, குக்கரில் மணல் பரப்பித்தான். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் "ஆர்டர் எடுக்கலாமே" என்கிறார்கள். போன வருடம் அண்ணன் மகன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்தான். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை வளர்த்துக்கொண்டு போகிற ஆட்டம். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடுகிறோம். என் பாத்திரம் ஓர் உப்பு விற்கும் கிழவி. பகடை உருட்டியதில் அவளுக்கு வலு 5தான் விழுந்தது. மறுபடி உருட்டச் சொன்னான், நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவளைப் பற்றி நோட்டில் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். "இந்த வயசில் பகடை உருட்டிக்கொண்டு" என்று கணவர் சங்கடப்படுகிறார். ஒன்றையாவது காசாக்கினால் இந்தப் பேச்சு இருக்காதே என்று எனக்கே தோன்றுகிறது. இதில் கடைசி நாலு கேக்கும் நடுவில் அமுங்கிவிட்டன. நான் நேரத்தை வீணாக்குகிறேனா?

ச.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ச.,

முதலில் கேக்கைப் பார்த்துவிடுவோம். நாலு முறையும் நடுவில் மட்டும் அமுங்கியிருக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் மூடியின் மேல்தான். குக்கர் கேக்கில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் கை பரபரக்கும். கால் மணி நேரத்தில் திறந்து பார்த்தால் ஓரம் வெந்திருக்கும், நடுப்பகுதி இன்னும் மாவாகவே இருக்கும். முட்டையும் மாவும் இறுகி ஒரு சட்டமாக நிற்பதற்கு முன் குளிர்ந்த காற்று பட்டால் உள்ளே உப்பிய குமிழிகள் சுருங்கிவிடும், தாங்க ஒன்றும் இருக்காது. அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள்.

அடுத்த சந்தேகம் சோடா. ஆப்ப சோடா தயிரைத் தொட்ட நொடியிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். கலந்த மாவை வைத்துவிட்டு மணலைச் சூடேற்றப் போனால் பாதிக் காற்று வெளியே போயிருக்கும். மணல் முதலில் பத்து நிமிடம் காயட்டும், மாவைக் கடைசியில் கலக்குங்கள். சோடாவைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் கேக் இன்னும் உப்பும் என்று நினைக்கிறோம், ஆனால் நடப்பது வேறு. குமிழி பெரிதாகி உடைந்து கேக் இன்னும் மோசமாக அமுங்கும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுத்தான் வைக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இது வேகும் வேலை, பிரஷருக்கு இதில் இடமே இல்லை.

இதை இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. நாலு கேக் அமுங்கிய பிறகும் ஐந்தாவது ஞாயிறு நீங்கள் மணலைச் சூடாக்கப் போகிறீர்கள். அமுங்கிய கேக்கைப் பாலில் ஊற வைத்தோ, பிட்டுப் பிட்டு டீயோடு வைத்தோ சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆர்டர் எடுத்திருந்தால் அந்த நாலும் நாலு வீட்டுப் பிறந்த நாளாக இருந்திருக்கும். முதல் கேக் அமுங்கியதுமே நீங்கள் சோதனை செய்து பார்ப்பதை நிறுத்தியிருப்பீர்கள். தவறாமல் வருகிற ஒரே வெனிலா கேக்கை வாரத்துக்கு ஆறு என்று செய்துகொண்டிருப்பீர்கள். விற்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள், அது பெரிய உழைப்பு. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நீங்கள் செய்கிற வேலையே அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதையே கொண்டுவர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. சம்பளத்துக்குச் செய்கிற எதிலும் நமக்குத் தவறிப்போக உரிமை கிடையாது. அந்த உரிமை மிச்சமிருக்கிற இடம் உங்களுக்கு கேக், பகடை ஆட்டம் என்ற இந்த இரண்டுதான். அதை விற்றுவிடாதீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அத்தையிடம். மார்கழியில் விடியுமுன் வாசலில் சிக்குக் கோலம் போடுவாள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற இழை கடைசியில் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு நாள் பாதியில் ஒரு வளைவு தப்பிவிட்டது, இழை வெளியே போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு விரல் நடுவே மாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இழை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி வைத்தாள். அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று. பிறகு நாலு பக்கமும். ஒற்றைப் புள்ளிக் கிளைகளோடு அதுவரை நான் பார்த்திராத ஒரு கோலம் வந்தது. மறு வருடம் தெருவில் மூன்று வீட்டு வாசலில் அது இருந்தது. நாள் கூலிக்குக் கோலம் போடப் போயிருந்தால் அன்றைக்கு அவள் அதை அழித்திருப்பாள்.

கோலத்தைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நீங்கள் ஆடுகிற விளையாட்டை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்டது 1974இல். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வந்தது அது. முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிதான். போர் விளையாட்டுப் பிரியர்கள் தங்கள் வீட்டு மேஜையில் ஆடிக்கொண்டிருந்ததிலிருந்து பிறந்த விளையாட்டு. அதே 1974இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றிக் கணினியியல் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். வாசலில் பெண்கள் மனக்கணக்காகப் போட்டுவந்ததற்குள் அவ்வளவு கணிதம் இருந்தது. இந்தத் தற்செயல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி உங்கள் கிழவி. பழைய முறைப்படி பாத்திரத்தின் வலு, அறிவு போன்ற ஒவ்வொரு குணத்துக்கும் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டுவார்கள். 3 முதல் 18 வரை எதுவும் விழலாம். மூன்று பகடை 216 விதமாக விழும், அதில் 5ஓ அதற்குக் கீழோ விழ வழி பத்துதான். இன்றைய ஆட்டத்தில் பலர் நான்கை உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடுகிறார்கள், வந்த எண்களை வேண்டிய குணத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் உங்கள் அண்ணன் மகன் அப்படிச் சொல்லியிருப்பான். நீங்கள் மறுத்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம். உப்பு மூட்டையைத் தூக்க முடியாத உப்பு வியாபாரி! அவளுக்கு வண்டி வேண்டும், மாடு வேண்டும், தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவனுக்கு அவள் என்ன கடன்பட்டிருக்கிறாள்? உங்கள் முப்பது பக்கமும் அந்த 5லிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 15 விழுந்திருந்தால் மூன்று பக்கத்தோடு நின்றிருப்பீர்கள்.

அகநானூற்றில் 140ஆம் பாட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். அம்மூவனார் பாடியது. ஓர் உமணப் பெண், அதாவது உப்பு விற்கிறவள், கைவளை குலுங்கத் தெருவில் போகிறாள், நெல்லுக்குச் சரிநிகர் உப்பு என்று கூவுகிறாள். பழகாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரண்டு பார்க்கிறாள். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் தலைவன் விழுந்துவிடுகிறான். அவளுடைய அழகை எத்தனை வரி வர்ணித்திருந்தாலும் அந்த நாய் செய்த வேலையைச் செய்திருக்காது. உங்கள் கிழவி எதைக் கண்டால் மிரளுவாள் என்று நோட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.

கணவரின் சங்கடத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்ற பயம் உண்மையானதுதான். ஆனால் வயதானவர்கள் பகடை உருட்டுவது நமக்குப் புதிதா என்ன? திண்ணையில் கரிக்கோடு கிழித்துக்கொண்டு தாயம் விழவில்லையே என்று அறுபது வயதுப் பாட்டிகள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருக்கப் பரமபதம் ஆடுவது பெரியவர்கள்தான். அவரை வெளியில் நிறுத்திவைத்து நியாயம் பேசாமல் ஒரு சனிக்கிழமை உள்ளே கூப்பிடுங்கள். கிழவியின் மூட்டையைத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது அல்லவா? அந்தப் பாத்திரத்துக்கு அவரையே பகடை உருட்டச் சொல்லுங்கள். என்ன விழுந்தாலும் மாற்ற விடாதீர்கள்.

ஐந்தாவது கேக் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். மறுபடி அமுங்கினால் எத்தனையாவது நிமிடத்தில் மூடியைத் திறந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.