பொருளைச் சுருக்கும் மந்திரக் கஷாயம்: மேடையில் செய்து காட்ட முடியுமா?

கேள்வி: பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் என் மகன் மந்திரவாதி. கஷாயம் காய்ச்சி, அதில் போடும் பொருள் சுருங்கிவிடுவதுபோல் காட்ட வேண்டுமாம். உண்மையிலேயே அப்படி ஏதாவது செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கல்லையோ கரண்டியையோ சுருக்கும் திரவம் எதுவும் கிடையாது. தண்ணீர் குடித்து உப்பிய பொருள் என்றால், அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துவிடலாம். அதனால் எதைச் சுருக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பூ ஜாடி அலங்காரத்துக்கு விற்கும் ஜெல்லி உருண்டைகள் இதற்குத் தோது. ராத்திரி ஊறப்போட்டால் கடுகளவு மணி கோலிக்குண்டு அளவுக்கு வளரும். ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாகப் பெருக்கும். உப்பு கரிக்கும் போர்த் தண்ணீரில் அவ்வளவு வராது. நம் கஷாயத்தின் ரகசியமும் அந்த உப்புதான். உருண்டைக்குள் இருக்கும் பாலிமர் இழைகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி, இடையில் தண்ணீருக்கு இடம் கொடுக்கின்றன. உப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளுதல் அடங்கும், தண்ணீர் வெளியேறும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 200 கிராம் உப்பைக் கரையுங்கள். தூள் உப்பைவிடக் கல்லுப்பு மேல். அதிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் இழைகளை இன்னும் இறுக்கும். ஒரு கைப்பிடி சங்குப்பூ போட்டால் நீலம் இறங்கும். மகன் மந்திரம் சொல்லிக்கொண்டே எலுமிச்சம்பழம் பிழிந்தால் நீலம் ஊதாவாகும். அந்தப் புளிப்பும் சுருக்கத்துக்கு உதவும் என்பதால் இதை வெறும் ஜோடனை என்று நினைக்க வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதே குடும்பத்து ஜெல்லுக்குள் நுண்ணிய வடிவங்களைப் பதித்து, அமிலம் சேர்த்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். கன அளவில் அது ஆயிரத்தில் ஒன்று!

சிக்கல் நேரம்தான். உருண்டை நன்றாகச் சுருங்கச் சில மணி நேரம் ஆகும். எந்தப் பார்வையாளர் காத்திருப்பார்? கடைசி வரிசைக்குத் தெரியவும் தெரியாது. அதனால் தண்ணீரில் வளரும் டைனோசர் பொம்மை இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சில நாள் ஊறவைத்துப் பெரிதாக்குங்கள். மற்றதை ஊறவைக்காமல் சட்டியின் அடியில் போட்டு வையுங்கள். சங்குப்பூவைக் கூடுதலாகப் போட்டுக் கஷாயத்தைக் கருநீலமாக்கினால் உள்ளே இருப்பது தெரியாது. பெரியதை முக்கி, சின்னதை எடுக்க வேண்டியதுதான். ஏமாற்று என்று பையன் சிணுங்கினால், பெரியதை மறுநாள் வரை கஷாயத்திலேயே விட்டுக் காட்டுங்கள், அதுவும் சுருங்கியிருக்கும்.

இணையக் காணொளிகளில் தெர்மகோலை அசிட்டோனில் போட்டு நொடியில் காணாமல் அடிப்பார்கள். தெர்மகோலில் பெரும்பகுதி காற்று. அது போய்விடுகிறது, பிளாஸ்டிக் கூழாகிறது. பார்க்கப் பிரமாதம்தான், மேடையில் வேண்டவே வேண்டாம். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நம் விழா மேடையில் குத்துவிளக்கு எரியாமல் இருக்குமா?

ஜெல்லி உருண்டையிலும் ஓர் ஆபத்து உண்டு. சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துவிடும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உருண்டையை வாங்காமல், பெரிய பொம்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள்; பிய்த்து வாயில் போட்டால் அதே கதைதான்.

கஷாயத்தை யாரும் குடித்துப் பார்க்கக் கூடாது. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பில் கருகிவிடும். வடிகட்டிச் சாக்கடையில் விடலாம். ஜெல்லித் துண்டுகள் மட்டும் குப்பைக்கு. குழாயில் போனால் அங்கே மறுபடி ஊறி அடைத்துக்கொள்ளும்.