பால் கேனும் பவுடர் டப்பாவும்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வுக்காக எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தூக்குகிறான். டிரெட்மில்லில் 9 கி.மீ. வேகத்தில் அரைமணி நேரம் ஓடுகிறான். மைதானத்தில் விட்டால் 1500 மீட்டருக்கு 8 நிமிடம் 10 விநாடி ஆகிறது. விடியற்காலையில் நான் பால் கறந்து சொசைட்டிக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பான். அவன் அம்மா எழுப்ப விடமாட்டாள். பயிற்சியெல்லாம் சாயங்காலம்தான். எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம்?
- ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பவுடர் கிடக்கட்டும். பால் கேனை யார் தூக்குவது? அப்பா இருட்டில் மாட்டடியில் குந்தியிருக்க, 22 வயதுப் பிள்ளை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். அதை நீங்கள் குறையாகக்கூட எழுதவில்லை! நாளைக்கு ராத்திரி ரோந்துக்கு அம்மாவா வந்து எழுப்பிவிடுவார்?

உடம்பிடம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் கொடுக்கும். 9 கி.மீ. வேகத்தில் 1500 மீட்டர் ஓட 10 நிமிடம் ஆகும். தேர்வில் கேட்கிற 7 நிமிடத்தில் முடிக்க ஏறக்குறைய 13 கி.மீ. வேகம் வேண்டும். எட்டு மாதம் ஒன்பதிலேயே ஓடிய கால் ஒன்பதுக்குத்தான் பழகியிருக்கும். போதாததற்கு, டிரெட்மில்லில் வேகத்தைப் பெல்ட் பார்த்துக்கொள்கிறது. மண் தரையில் அதை அவனேதான் கணிக்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸும் அப்படித்தான். அது தள்ளுகிற வேலை. தேர்வில் கயிறும் ஏற வேண்டும். அதற்கு முதுகும் முன்கையும் விரல்பிடியும் இழுக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் புல்-அப்ஸும் நிஜக் கயிறும் போதும். பெஞ்ச் பிரஸ்ஸைப் பாதியாகக் குறைக்கட்டும்.

ஓட்டம் வாரம் மூன்று நாள், மைதானத்தில், காலையில். தேர்வும் வழக்கமாகக் காலையில்தான். முதல் மூன்று வாரம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 நிமிடம் மட்டும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் தேறும். அவசரப்பட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து ஒரு நாள் நிதான ஓட்டம். ஒரு நாள் 400 மீட்டர் நான்கு முறை, நடுவில் 2 நிமிடம் நடை. முதலில் ஒவ்வொன்றும் 2 நிமிடம். பிறகு படிப்படியாக 1 நிமிடம் 50 விநாடிக்குக் கொண்டுவரட்டும். மூன்றாவது நாள் 200 மீட்டர் எட்டு முறை, 54 விநாடிக்குள், நடுவில் ஒரு நிமிட நடை. 7 நிமிடக் கணக்குக்கு 400 மீட்டர் சுற்று ஒன்று 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறந்தால் மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். கையில் வாட்சைக் கட்டி, சுற்றுக்குச் சுற்று பார்க்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் வேகம் அப்படியே இருக்கட்டும், தூரத்தைப் பாதியாக்குங்கள்.

நாளையிலிருந்து நாலரைக்கு எழுந்து பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு அவன் மைதானத்துக்குப் போகட்டும். வீட்டுக்கு எடுத்துவைக்கிற பாலில் அரை லிட்டர், இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் அவனுக்குக் கொடுங்கள். பவுடர் காசில் நல்ல ஓட்ட ஷூ ஒன்று வாங்குங்கள். அதைத் தேர்வன்று புதிதாகப் போட விடாதீர்கள். ஒரு மாதமாவது அதிலேயே ஓடியிருக்க வேண்டும்.