கோட்டின் மேல் ஒரு கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெக்ஸிட்டால், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையில் சுங்கச் சோதனை வந்தால் அமைதி உடையும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தத்தையும் தேடிப் படித்தேன். எல்லையில் சுங்கச் சோதனை கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சாலையோரம் நாலு கேமரா, லாரிக்காரர்களுக்குக் கொஞ்சம் காகிதவேலை. இதற்காகவா ஓர் அமைதி உடைந்துவிடும்? அரசியல்வாதிகள் காட்டிய பூச்சாண்டி என்றே நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூலத்தையே படித்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நீங்கள் சொல்வது சரிதான், அப்படி ஒரு வரி இல்லை. ராணுவக் காவல் அமைப்புகளை அகற்றுவதைப் பற்றி இருக்கிறது. சுங்கத்தைப் பற்றி இல்லை. 1993 ஜனவரியில் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்தபோதே சுங்கச் சோதனை போய்விட்டது. பிரிட்டன், அயர்லாந்து இரண்டும் ஒரே ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தன. இல்லாத ஒன்றைத் தடைசெய்து யார் ஷரத்து எழுதுவார்கள்?

அந்த ஒப்பந்தம் செய்த வேலையைப் பாருங்கள். பெரும்பான்மையினர் விரும்பும்வரை வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கும். அங்கே பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். வட அயர்லாந்து யாருக்குச் சொந்தம் என்ற, முப்பது வருஷத்தில் சுமார் 3,500 பேரைக் கொன்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. தினமும் அதற்குப் பதில் சொல்லவேண்டிய அவசியத்தை மட்டும் நீக்கியது. எல்லையின் நீளம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 200க்கும் மேற்பட்ட இடங்களில் சாலைகள் அதைக் கடக்கின்றன. வட அயர்லாந்தின் நியூரியிலிருந்து அயர்லாந்தின் டண்டாக் போகிறவருக்கு வேகப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறுவதுதான் அடையாளம். எல்லையே இல்லாததுபோல, அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதி வாழலாம். சட்டத்தில் அது இருக்கிறது என்று, பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் நிம்மதியாக இருக்கலாம். நீங்கள் சொல்லும் கேமராவை நட்டால், இருவரும் ஒத்திவைத்த அந்தக் கேள்வியைக் கம்பத்தில் ஏற்றி நிறுத்துகிறீர்கள்.

அப்புறம், அந்தக் கம்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தது 1923இல். 1956 முதல் 1962 வரை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ நடத்திய தாக்குதல்களில் அவையும் இலக்காயின. 1972 ஆகஸ்டில் நியூரி சுங்க அலுவலகத்தில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள், அதைக் கொண்டுவந்த மூவரும் சேர்த்து. இன்று ஒரு கேமராவை யாராவது உடைத்தால் காவலுக்கு போலீஸ் வரும். போலீஸைச் சுட்டால்? பிரெக்ஸிட் பேச்சுகளின்போது வட அயர்லாந்து காவல்துறைத் தலைவரே இந்தக் கவலையைச் சொன்னார்.

ஆனால் என் கட்டுரையிலும் ஓர் ஓட்டை இருந்தது. உங்கள் கடிதம் வந்தபிறகுதான் உறைத்தது. நிலத்தில் சோதனை வேண்டாமென்று 2021 முதல் அதைக் கடலுக்கு மாற்றினார்கள். பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்கு வரும் சரக்குக்குத் துறைமுகத்தில் சோதனை. அதை ‘நல்ல தீர்வு’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். தங்கள் நாட்டுக்குள்ளேயே கோடு விழுந்துவிட்டதாக உணர்ந்த யூனியனிஸ்டுகளுக்கு அது வெறும் காகிதவேலையாகத் தெரியவில்லை. அடுத்த மாதமே, ஊழியர்களுக்கு மிரட்டல் என்ற அச்சத்தில் லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் உணவுச் சோதனையைச் சிலநாள் நிறுத்தவேண்டி வந்தது. 2022 பிப்ரவரியில், யூனியனிஸ்ட் கட்சியான டியுபியைச் சேர்ந்த வட அயர்லாந்து முதலமைச்சர் இதை எதிர்த்துப் பதவி விலகினார். ஸ்டார்மான்டில், அதாவது வட அயர்லாந்தின் சொந்த அரசில், ஆட்சி திரும்ப இரண்டு வருஷம் ஆயிற்று. பிரிட்டனிலிருந்து வரும் சாசேஜுக்காகவா இவ்வளவு சண்டை என்று லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் சிரித்தவர்கள், உங்களைப் போலவேதான் கேட்டார்கள்.

2023இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட விண்ட்சர் உடன்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கிவிடும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சைப் பாதை கொடுத்துச் சூட்டைத் தணித்தது. 2024 டிசம்பரில் இந்த ஏற்பாடு தொடரலாமா என்று வட அயர்லாந்து சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 48, எதிர்ப்பு 36. யூனியனிஸ்டுகள் எதிர்த்து வாக்களித்தார்கள். இரு தரப்பின் ஆதரவும் கிடைத்திருந்தால் அடுத்த வாக்கெடுப்புக்கு எட்டு வருஷம் இருக்கும். கிடைக்காததால் நான்கே வருஷம்தான்.