சூரியப் புயல் அறிவிப்பைப் பார்த்து ட்ரோன் வேலைக்கு நாள் குறிக்கலாமா?

கேள்வி: உடுமலை பக்கம் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்தை ட்ரோன்ல அடிச்சுக் குடுக்கறமுங்க. பொழுது சாஞ்சா ஆர்டிகே ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் சுத்தமா இடம் காட்டற ஜிபிஎஸ் பிடிப்பு) அடிக்கடி போயிருது. சூரியப் புயல்ங்கறாங்க. ஏஐ அதை முன்னாடியே சொல்லீருமாமே, அதைப் பாத்து நாள் குறிக்கலாமுங்களா? சோலார் மோட்டாருக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?

பதில்: நாள் குறிக்க முடியாதுங்க. அன்றைய வேலையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான்.

சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். எனவே வெடிக்கும் முன்பே கணித்தாக வேண்டும். ஏஐ உதவுவது இங்கேதான். நாசாவும் ஐபிஎம்மும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ‘சூர்யா’ என்ற ஏஐ மாதிரி, சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தின் ஒன்பது ஆண்டுப் பதிவுகளில் பயின்று, இரண்டு மணி நேரத்துக்குப் பின் சூரியன் எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. ஆனால் எஸ்டிஓ ஏவப்பட்டதே 2010-ல். சூரியனின் சீற்றம் ஏறி இறங்கும் ஒரு சுழற்சிக்கே சுமார் 11 ஆண்டு ஆகும். 2024 மே மாதம் வந்தது போன்ற பெரும்புயல்கள் அந்தப் பதிவுகளில் மிகக் குறைவு. பார்க்காததை எந்த மாதிரியும் நன்றாகக் கணிக்காது.

புயலைக் கிளப்புவது சூரியன் உமிழும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களின் மேகம். அது வந்து சேர ஒரு நாள் முதல் நான்கு நாள் வரை ஆகும். அதை வழியிலேயே பின்தொடர நம் பக்கத்திலேயே ஒரு கருவி இருக்கிறது: ஊட்டி முத்தொரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி. தொலைதூர ரேடியோ மூலங்கள் 326.5 மெகாஹெர்ட்ஸில் மினுங்குவதை வைத்து, குறுக்கே போகும் மேகத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். சீனாவின் தாவோசெங்கில் ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 313 ஆண்டெனாக்கள் சூரியனை ஒட்டிய பகுதியையே படமெடுக்கின்றன. இவ்வளவு இருந்தும் வந்து சேரும் நேரம் பத்து மணி நேரம் முன்பின் ஆவது சாதாரணம். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கினால்தான் புயல் உக்கிரமாகும். அந்தத் திசையை உறுதியாக அளப்பது பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்தியாவின் ஆதித்யா-எல்1 போன்ற கலங்கள்தான். அங்கிருந்து நமக்குக் கிடைக்கும் அவகாசம் 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

உங்கள் சாயங்காலத் தொல்லைக்கு வருகிறேன். அதற்குப் புயலே தேவையில்லை. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பொழுது சாய்ந்தபின், ஏறத்தாழ ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, மேல்வானில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் குமிழ்கள் கிளம்பி ஜிபிஎஸ் சிக்னலைக் குலைக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். நீங்கள் மருந்தடிக்கும் புரட்டாசியும் ஐப்பசியின் முன்பாதியும் பெரும்பாலும் அதில்தான் விழுகின்றன. படைப்புழுவுக்கு அந்திதான் தோது என்றாலும் ஆறு மணிக்குள் இறக்கிவிடுங்கள், அல்லது விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

ஃபிக்ஸ் போனதும் முதலில் பேஸ் (தரையில் நிற்கும் துணைக் கருவி) நெட் வழியாக அனுப்பும் திருத்தத் தகவல் எத்தனை விநாடி பழசு என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் போனால் குற்றம் சிம்கார்டு நெட்டில்; வானத்தைப் பழிக்க வேண்டாம். தகவல் புதிதாக இருந்தும் பல செயற்கைக்கோள்களின் சிக்னல் ஒருசேர ஏறி இறங்கினால் அயனி மண்டலம். தென்னை ஓரத்தில் மட்டும் போனால் மட்டை மறைவு. ஃபிக்ஸ் போய் ஃப்ளோட் என்ற துல்லியம் குறைந்த நிலைக்கு வந்தால் வரிசை அரை மீட்டர்கூட விலகும். மருந்து ஓரிடம் இரட்டிப்பாகும், ஓரிடம் விட்டுப்போகும். ஈபி லைன் பக்கம் அந்த நிலையில் தானியங்கியாக ஓட்டவே கூடாது. பேஸ் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். ஜிபிஎஸ்ஸின் கூடுதல் அலைவரிசையான எல்5-ஐயும் எடுக்கும் ரிசீவர் இருந்தால் இன்னும் நல்லது.

அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவா வெளியிடும் மூன்று நாள் கேபி அறிவிப்பு இலவசம். கேபி என்பது காந்தப்புயலின் உக்கிரத்தை 0 முதல் 9 வரை சொல்லும் எண். அதில் உள்ள சர்வதேச நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கேபி 5 என்றால் வேலையை நிறுத்த வேண்டாம். 7-ஐத் தொட்டால், பறக்கும் முன்னும் பின்னும் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கல்லின் மேல் ட்ரோனை வைத்துச் சரிபாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் ஒரு மணி நேரம் பொறுங்கள். அந்திக் குமிழ்களை கேபி காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சோலார் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாதுங்க. 1989-ல் கியூபெக் மின்கட்டமைப்பு ஒன்பது மணி நேரம் விழுந்ததற்குக் காரணம், துருவத்தை நெருங்கிய இடமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட கம்பிகளும். உங்கள் கன்ட்ரோலரை எரிப்பது இடி மின்னல்தான். எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா, மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் எஸ்பிடி வேலை செய்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன் பார்த்துவிடுங்கள்.